நகராத புள்ளி

"அக்கா, புள்ளி நவுரவே மாட்டேங்குதுக்கா!"

கையில் போனுடன் பக்கத்து வீட்டுக்குள் ஓடி வந்தாள் கண்ணகி. அங்கே மலர்கொடி, காடாம்புலியூரிலிருந்து வந்த பலாப்பழத்தை அறுத்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"என்னாடி ஆச்சு?"

"இவரு புள்ளிதான்க்கா. பாதி மலையில நிக்குது. ரொம்ப நேரமா ஒரே எடம்."

கண்ணகியின் புருஷன் சின்னதுரையும் மலர்கொடியின் புருஷன் ஜெயகணேஷும் நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்டில் கிடந்து, பர்மனென்ட் ஆகும் ஆகும் என்று பார்த்துக் கண் பூத்துப்போய், ஓமானுக்குப் போனவர்கள். ஒரே கம்பெனி, ஒரே ரூம். வெள்ளிக்கிழமை லீவு. இங்கே சுரங்க மண்மேட்டில் ஏறி இறங்கிப் பழகிய கால், அங்கே போய்ச் சும்மா இருக்குமா? ரூமுக்குப் பின்னால் ஒரு மொட்டை மலை. பேருக்கு ஒரு மரம் கிடையாது. செங்குத்தான ஒற்றையடிப் பாதை. வாரம் தவறாமல் இருவரும் ஏறினார்கள்.

போன வருஷம் அந்த மலையில் எவனோ வெயிலில் சுருண்டு விழுந்து செத்தான் என்று கேள்விப்பட்டதிலிருந்து கண்ணகி ஒரே பிடியாக நின்றாள். சின்னதுரையின் போன் எங்கே இருக்கிறது என்று அவள் போனில் தெரிந்தாக வேண்டும். அந்த நீலப் புள்ளி மலையேறி இறங்கி ரூமுக்கு வந்து சேர்ந்தால்தான் வெள்ளிக்கிழமைகளில் அவளுக்குச் சோறு இறங்கும்.

"எங்கனா நெழலு பாத்து படுத்துக்கினு இருப்பாருடி."

"அங்க ஏதுக்கா நெழலு? விடியறதுக்கு முன்னாடி ஏறிடணும், பாதித் தண்ணி தீந்தா எந்த எடமா இருந்தாலும் திரும்பிடணும், தனியா மட்டும் போவவே கூடாதுன்னு எனக்குப் பாடம் எடுத்த மனுஷன். இன்னிக்கு என்னடான்னா வெயிலு ஏறினப்புறம்தான் புள்ளியே கெளம்புச்சு. தொணைக்கு அண்ணனும் போவல."

"அவருக்குத்தான் இன்னிக்கு ஓவர்டைமாச்சே! நேத்தே சொல்லிட்டாரு. இல்லன்னா நானும் உன்ன மாதிரி போனைக் கட்டிக்கினு அழுதுகினு இருப்பேன்." மலர்கொடி சிரித்தபடி அவள் வாயில் ஒரு சுளையைத் திணிக்கப் பார்த்தாள். கண்ணகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் மறுபடி கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அனுப்பிய மெசேஜ் ஒன்றைக்கூட அவன் பார்க்கவில்லை. வெளியே அக்னி நட்சத்திர வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. இங்கேயே இப்படி என்றால் அந்தப் பாறையில் எப்படி இருக்கும்?

"அக்கா, அண்ணனுக்கு ஒரு போன் போடுக்கா. போய்ப் பாக்கச் சொல்லலாம்."

மலர்கொடி தன் போனில் கூப்பிட்டாள். அதுவும் எடுக்கப்படவில்லை.

"வேலையில இருக்கும்போது எடுக்க மாட்டாருடி. சாயங்காலம் அவரே பேசுவாரு."

"அதுவரைக்கும் தாங்காதுக்கா. நான் சூப்பர்வைசருக்கு அடிக்கறேன். ஆளு அனுப்பித் தேடட்டும்."

மலர்கொடி சட்டென்று அவள் போனைப் பறித்துக்கொண்டாள்.

"பைத்தியமா உனக்கு? மலை ஏறக் கூடாதுன்னு கம்பெனியில ஆர்டர் போட்டிருக்கான். நீயே காட்டிக் குடுத்தன்னா வேலைக்கே வேட்டு! ஒண்ணும் ஆவாது. கொஞ்ச நேரம் பொறு."

அந்தக் கொஞ்ச நேரம் ஒரு யுகமாக நீண்டது. கண்ணகி வடலூர் ஐயாவுக்கு வேண்டிக்கொண்டாள். புள்ளி அசைகிறதா என்று நிமிஷத்துக்கொரு தரம் கேட்டாள். ஒவ்வொரு தரமும் மலர்கொடி போனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். கடைசியில் கண்ணகி தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது.

"எங்க வூட்டுக்காரி இங்க வந்திருக்காளா அண்ணி?"

பெட்டியும் கையுமாக நின்றான் சின்னதுரை!

செத்துப்போய் உருவம் காட்ட வந்திருக்கிறானோ என்றுகூட ஒரு கணம் நினைத்துவிட்டாள் கண்ணகி. பிறகு பாய்ந்து போய் அவன் நெஞ்சில் குத்து குத்தென்று குத்தினாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"நல்லா குத்துடி, விடாத!" என்று மலர்கொடி விழுந்து விழுந்து சிரித்தாள். "காலையிலேர்ந்து என் உசுர எடுத்துட்டா தம்பி!"

"சொல்லாம வந்து நிக்கணும்னுதான்... திடுக்குன்னு ஆயிடுச்சா?"

கண்ணகி மூக்கை உறிஞ்சினாள். "அப்ப உங்க போனு?"

சின்னதுரை பெருமையாகச் சிரித்தான். "அங்கதானே என் மூளையே இருக்கு! வெள்ளிக்கெழம புள்ளி மலை ஏறலன்னா நீ கண்டுபுடிச்சிடுவ. அதான் ஜெயகணேஷ் அண்ணன்கிட்ட போனைக் குடுத்து, 'நீங்க எடுத்துக்கினு ஏறுங்க, எத்தினி வாட்டி அடிச்சாலும் எடுக்காதீங்க'ன்னு சொல்லிட்டு வந்தேன். ஓவர்டைமுன்னு அண்ணிகிட்டயும் பொய் சொல்ல வெச்சதே நான்தான். ராத்திரி என்ன ஏர்போர்ட்ல வுட்டுட்டு அவரு படுக்கவே லேட்டாயிருக்கும் பாவம். இந்நேரம் எறங்கியிருப்பாரு இல்ல?"

சூப்பர்வைசரைக் கூப்பிட விடாமல் பறித்த போன் இன்னும் மலர்கொடியின் கையில்தான் இருந்தது. அதில் புள்ளி நகரவே இல்லை.