வெள்ளைக்கோட்டை ஒரு சாண் தாண்டி

ஸ்கூட்டரின் முன்சக்கரம் வெள்ளைக்கோட்டை ஒரு சாண் தாண்டி நின்றது. சிக்னலில் சிவப்பு.

ஓட்டி வந்த பெண் ஹெல்மெட்டைத் தலையில் போடாமல் வண்டியின் கண்ணாடியில் மாட்டியிருந்தாள். போலீஸ்காரர் விசில் ஊதும் முன்பே ஓரங்கட்டி, லைசென்ஸை எடுத்து நீட்டினாள்.

வாரம் தவறாமல் இப்படித்தான் வருகிறாள்.

காலையிலிருந்து போலீஸ்காரர் அந்தப் பள்ளிக்கூட முனையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்.

நகராட்சி போட்ட திட்டம் அப்படி. போக்குவரத்துப் போலீசுக்கென்று தனியாகப் பணம் கிடையாது, அபராதத்தை மூன்று மடங்கு ஏற்றிக்கொள்ளுங்கள், அந்தந்த முனையில் வசூலாவதை வைத்து அந்தந்த முனைக்கு ஆள் போடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வசூல் இல்லாத முனையில் ஆளும் இல்லை.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் போனது. பள்ளிக்கூட வாசலில் சீறிக்கொண்டு வந்தவர்களைக் கண்கொத்திப் பாம்பாக நின்று பிடித்தார். மூன்று மடங்கு அபராதம் யாருக்குத்தான் கசக்காது? ஊரே திருந்திவிட்டது. லாரிக்காரர்கள்கூட மாமியார் வீட்டுக்குள் நுழையும் புது மாப்பிள்ளை மாதிரி அந்த முனையில் பவ்யமாக ஊர்ந்தார்கள். வேலையை ஒழுங்காகச் செய்து, தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டார் மனிதர்.

அவரை எடுத்துவிட்டால் அடுத்த வாரமே எல்லாரும் பழையபடி சீறுவார்கள். பிள்ளைகள் நல்லபடியாக வீடு போய்ச் சேர வேண்டுமே, அதற்காக எவனாவது சிவப்பைத் தாண்ட மாட்டானா என்று ஒரு போலீஸ்காரன் வேண்டிக்கொள்ளும் கேவலம் வேறு எங்காவது உண்டா?

தாண்டுவது இவள் ஒருத்திதான். தடவைக்குத் தடவை ஏறிக்கொண்டே போகும் இவளுடைய அபராதத்தில்தான் முனைக்கு உயிர் இருந்தது.

ஏன் என்று அவர் கேட்டதில்லை. கேட்க என்ன இருக்கிறது? போன வருடம் இங்கே ஒரு சிறுமி அடிபட்டுச் செத்துப்போன பிறகுதான் அவரையே இங்கு போட்டார்கள். அபராதம் கட்டிவிட்டு இவள் பள்ளிக்கூட வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பெற்ற வயிறு என்று அவராகவே புரிந்துகொண்டார்.

லைசென்ஸைக் கைக்கருவியில் தேய்த்தார்.

இத்தனை தடவை தப்பு செய்தவருக்கு இனி அபராதத்தோடு லைசென்ஸும் ரத்து என்று திரையில் வந்தது. சம்மதம் கேட்டு ஒரு பொத்தான் மினுக்கியது.

அழுத்தினால் இவள் இனி வண்டியைத் தொட முடியாது. அழுத்தாவிட்டால் முனை காலி. மாலையில் வசூலைப் பார்த்து முடிவு செய்யப் போகிறார்கள்.

விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. நகராட்சி மேல், தன் காக்கிச் சட்டை மேல், இவள் மேல்கூட ஆத்திரமாக வந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

"வேணாம்மா, கெளம்புங்க. புள்ளையப் பறிகொடுத்தவங்ககிட்ட இதுக்கு மேல என்னால வாங்க முடியாது."

அவள் நகரவில்லை. பள்ளிக்கூட வாசலிலிருந்து கண்ணை எடுத்து, முதன்முறையாக அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"நான் அந்தக் குழந்தையோட அம்மா இல்ல சார். அன்னைக்கு மோதினது என் வண்டிதான். புள்ளதான் குறுக்க ஓடி வந்துச்சு, என் மேல தப்பு இல்லன்னு ஸ்டேஷன்ல சொல்லி அனுப்பிட்டாங்க. எனக்கு யாரும் ஒரு கேஸ்கூட எழுதல. நீங்களாவது எழுதுங்க சார்."