குளவிக்கு வைத்த பெயர்

கல்லூரியில் ஹபிபுல்லாவோடு வேலை பார்க்கும் காதர், 1968 ஜூன் மாதத்துப் பூச்சியியல் இதழையும் மைசூர்பாகுப் பெட்டியையும் பூந்தமல்லி வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார்.

ஹபிபுல்லாவின் மனைவி ஜரினா எழுத்துக்கூட்டிப் படித்தாள். நூம்பல் கத்திரித் தோட்டத்துப் புழுவுக்குள் வளரும் புது வகைக் குளவி. பெயர், 'ஹபிபுல்லே'.

"மூணு வருசம் அந்தப் புழுங்களுக்கு நான்தானே கத்திரிக்கா நறுக்கிப் போட்டேன்? குளவிக்கு என் பேரை வெக்கிறேன்னுட்டு, உங்க பேரையே வெச்சுக்கினீங்களே."

ஹபிபுல்லா தலைகுனிந்திருந்தார்.

"காதர் அண்ணன் எவ்வளவோ தேவலாம். நீங்க கண்டுபிடிச்சதுக்கு அவர் ஸ்வீட் அனுப்பிக்கீறாரு." ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

"எவனும் தான் கண்டுபிடிச்ச பூச்சிக்குத் தன் பேரை வெக்க மாட்டான், ஜரினா. அது வழக்கமில்ல. அடுத்தவங்க பேரைத்தான் வெப்பான், மரியாதைக்கு."

"அப்போ இத யாரு வெச்சது?"

கட்டுரைத் தலைப்புக்குக் கீழே இருந்த ஒரே பெயரில் விரலை வைத்தார். காதர்.

"டைப் அடிச்சுத் தரேன்னு என் கட்டுரைய வாங்கிக்கினு போனான்."

ஜரினா துப்புவதற்கு முற்றத்துக்கு ஓடினாள். அதற்குள் மைசூர்பாகு வாயில் கரைந்துவிட்டிருந்தது.