ரீவியில் வந்த முகம்

கொழும்புத் தொலைக்காட்சியில் வாரம் பத்து நிமிடம் பொருளாதாரம் பேசியவர் தங்கள் ஊரில்தான் இருக்கிறார் என்பதை யாழ்ப்பாணத்துக் குருநகர் மறந்துவிடவில்லை. மறக்க அடைக்கலநாதன் விடவும் இல்லை.

கொழும்பில் இருந்தபோது வியாழக்கிழமைதோறும் திரையில் தோன்றி, தேயிலை விலை ஏன் ஏறியது, ரூபாய் ஏன் இறங்கியது என்று விளக்குவார். ஏறிய பிறகும் இறங்கிய பிறகும் மட்டுமே விளக்கியதால் அவர் சொன்னது ஒருநாளும் பிழையானதில்லை.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் வீடு எரிந்தது. மனைவி பெர்னடெட்டுடன் அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார். உத்தியோகம் போய்விட்டது, குரல் போகவில்லை. சலூனிலும் மீன் சந்தையிலும், பூசை முடிந்து மாதா கோயில் வாசலிலும், அதே திரைக் குரலில் இலவசமாக ஆலோசனை வழங்கினார். வீட்டுச் செலவைப் பெர்னடெட்டின் தையல் மெஷின் பார்த்துக்கொண்டது.

இப்படி இரண்டு வருடம் போனபின் நமசிவாயம் வந்தார். மருதனார்மடத்துக்காரர். பட்டணத்தில் 'திருவருள் நிதியகம்' என்று பலகை மாட்டி, நூறு ரூபாய்க்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டி என்று அறிவித்திருந்தார்.

"நான் சொன்னா ஆர் அண்ணை நம்புவினம்? உங்கடை முகம் ரீவியிலை வந்த முகம். நீங்கள் ஒருக்கால் சொன்னாப் போதும். வீடியோவிலை எடுத்து, மினி சினிமாவிலை படம் துவங்க முன்னம் போடுவம்."

ஐந்து ரூபாய் வட்டி கொடுக்கும் கடை எத்தனை மாதம் திறந்திருக்கும் என்று கண்டுபிடிக்க அடைக்கலநாதனுக்கு அரை நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

"உது கனகாலம் நிக்காது, நமசிவாயம்."

"நிக்குமெண்டு நான் சொன்னனானோ?"

இருவரும் தேத்தண்ணீர் குடித்தார்கள். கோப்பை காலியானதும் அடைக்கலநாதன் சொன்னார்: "சனம் போடுற காசிலை எனக்குப் பத்து வீதம். பெர்னடெட்டுக்குத் தெரியக் கூடாது. அவ நாள் தவறாமல் பூசைக்குப் போற மனுசி."

கழுத்துப்பட்டி ஒன்று இரவல் வாங்கப்பட்டது. "உங்கள் வியர்வைக்கு உறுதியான இடம் திருவருள்" என்று கமெராவைப் பார்த்துச் சொன்னபோது அவருக்கே கண் கலங்கியது. முதல் காட்சிக்குப் பெர்னடெட்டையும் கூட்டிப் போனார். இரண்டு வருடத்துக்குப் பிறகு கணவனைத் திரையில் கண்ட பெருமையில் அவள் படத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

பத்தாம் நாள் நமசிவாயம் ஒரு கடித உறையுடன் வந்தார். உள்ளே இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

"துவக்கம் பரவாயில்லை அண்ணை."

மொழிபெயர்ப்புக் கூலி என்று சொல்லி அடைக்கலநாதன் அதை மனைவியிடம் கொடுத்தார். அவள் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினாள். மனச்சாட்சி கொஞ்சம் குத்தியது. இரண்டாவது உறை வந்தால் சரியாகிவிடும் என்று இருந்தார்.

இரண்டாவது உறை வரவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, நிதியகம் பூட்டிக் கிடக்கிறதென்றும் நமசிவாயம் வள்ளமேறி இந்தியாவுக்குப் போய்விட்டாரென்றும் செய்தி வந்தது.

அடைக்கலநாதன் சூட்கேசை இழுத்தெடுத்தார். குசினியில் அடுப்படியில் பெர்னடெட் தலை குனிந்து அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தார். என்னவென்று கேட்கத் துணிவு வரவில்லை.

இரண்டு சேட்டு மடிப்பதற்குள் வாசல் படலையடியில் ஆள் சத்தம் கேட்டது. பத்துப் பதினைந்து பேர். முன்னால் மீன்பிடி வள்ளக்காரர் சந்தியோகு. பக்கத்தில் கொடிகாமத்துத் தோட்டக்காரர் ஏரம்பு. ஏரம்புவின் கையில் நீளமான கத்தி.

"வெளியிலை வாங்கோ," என்றார் சந்தியோகு.

ஒளிந்துகொள்ள அந்த வீட்டில் இடம் இல்லை. அடைக்கலநாதன் கைகளைக் கூப்பிக்கொண்டு வெளியே வந்தார். திரைக் குரல் முதல் தடவையாக அவரைக் கைவிட்டிருந்தது.

"எனக்கு... எனக்கு ஒண்டும் தெரியாது ஐயா. அவன் என்னையும் ஏமாத்திப் போட்டான்."

"நீங்கள் ஏன் தம்பி பயப்பிடுறியள்? எங்களைக் காப்பாத்தினதே நீங்கள்தானே," என்றார் ஏரம்பு. பின்னால் நின்ற ஒருவர் தலையிலிருந்த பெரிய பலாப்பழத்தை இறக்கி வைத்தார்.

அடைக்கலநாதனுக்கு விளங்கவில்லை. ஏரம்பு பழத்தைப் பிளந்துகொண்டே விளக்கினார்.

"போன வருசம் வெங்காயத்தை விக்காமல் வைச்சிருங்கோ, விலை ஏறுமெண்டியள். வைச்சிருந்தன், எல்லாம் அழுகிப் போச்சு. உவர் சந்தியோகுவைக் கடன்பட்டு வள்ளத்துக்குப் புது மெஷின் வாங்கச் சொன்னியள். வாங்கி அடுத்த மாதமே கடலுக்குப் போகத் தடை."

"அதாலை படத்துக்கு முன்னம் உங்கடை முகத்தைக் கண்ட உடனை முடிவெடுத்திட்டம்," என்றார் சந்தியோகு. "திருவருளிலை ஒரு சதமும் போடுறேல்லை எண்டு. நிதியகத்துக் கிளாக்கர் சொல்லுறான், முழு யாழ்ப்பாணத்திலையும் ஒரேயொரு ஆள்தான் போட்டதாம். இருபத்தையாயிரம். ஆரோ பாவம்."

எல்லோரும் உண்மையான நன்றியுடன் அவருக்குச் சுளை கொடுத்தார்கள். அதைக் கையில் பிடித்தபடியே அவர் குசினிக்குள் போனார்.

பெர்னடெட் நிமிரவில்லை.

"அம்மாவிட்டை இருந்த என்ரை சீதன நகை முழுக்க வித்துத்தான் போட்டனான்," என்றாள். "உங்களிட்டைச் சொல்லேல்லை. ஊரே உங்கடை சொல்லை நம்பேக்கை, பெண்சாதி நான் நம்பாமல் விடலாமோ?"

தன் பேச்சை நம்பிய ஒரேயொரு ஆளை ஏமாற்றியதற்குத்தான் அடைக்கலநாதன் பத்து வீதம் வாங்கியிருந்தார்.