சீனித் தண்ணி

ஜெப்சனின் தேன் பெட்டிகளுக்கு முன்னால் சட்டி சட்டியாகச் சீனித் தண்ணி வைத்துக்கொண்டிருந்தார் ஞானசிங். அருமனை ரப்பர் தோட்டத்தில் அப்போதுதான் விடிந்திருந்தது. பால் வெட்ட வந்த கிருஷ்ணமணி பார்த்து நெகிழ்ந்தே போனார்.

"போட்டிக் கம்பெனிக்காரனுக்க ஈக்கும் தீனி வைக்கியளே. பெரிய மனசு அண்ணே உங்களுக்கு."

பெரிய மனசாவது மண்ணாவது. மழைக்காலத்தில் தேனீ பட்டினி கிடக்காமலிருக்க வைப்பதுதான் சீனித் தண்ணி. மாசியில், ரப்பர் தளிர்விட்டுத் தேன் சுரக்கும் நேரத்தில் வைத்தால், ஈ அதையே அடையில் கொண்டுபோய் நிரப்பும். அந்தத் தேன் வெளிநாட்டில் இறங்கியதும் சோதித்துப் பார்த்து, கலப்படம் என்று மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஒருவருக்குச் சரக்கு குறைந்தால் மற்றவர் கொடுத்து உதவிய கம்பெனிகள்தான் இரண்டும். போன வருடம் ஞானசிங்கின் துபாய் ஆர்டரை ஜெப்சன் விலை குறைத்துத் தட்டிக்கொண்டு போனான். அவன் பெயரை நாறடிக்காமல் விடுவதில்லை என்று அன்றே கறுவிக்கொண்டார் மனுஷன்.

தன் ஈக்கள் இதைக் குடித்துத் தொலைத்துவிடக் கூடாதே. இருநூறு பெட்டிகளையும் முன்கூட்டியே அஞ்சுகிராமத்துக்கு ஏற்றிவிட்டார். அங்கே ரப்பருக்கு எங்கே போவது? தேன் பாதிதான் கிடைத்தது.

இந்த வருடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சித்தான் துபாய் ஆர்டரைத் திரும்ப வாங்கியிருந்தார். இதுவும் கைவிட்டுப் போனால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான் என்று, பேக்கிங்கைப் பார்த்துக்கொள்ளும் மனைவி ஷைஜா புலம்பினாள். சரக்கு போதாது என்றவளிடம், எங்கேயாவது பார்த்து நிரப்பச் சொல்லிவிட்டுச் சீனி மூட்டையோடு கிளம்பினார். பழிவாங்குகிறவனுக்கு வேறெதற்கு நேரம்?

தூத்துக்குடியில் கண்டெய்னர் கப்பலேறிய அன்று ஞானசிங்குக்குத் தலைகால் புரியவில்லை. ஒளித்துவைத்திருந்த கதையை ஷைஜாவிடம் ஒன்றுவிடாமல் கொட்டினார். இனி ஜெப்சன் தேன் எந்த நாட்டுக்குப் போனாலும் திரும்பித்தான் வரும் என்று தொடையைத் தட்டிச் சிரித்தார்.

ஷைஜா சிரிக்கவில்லை. பேக்கிங் கணக்கு நோட்டை எடுத்து அவர் முன்னால் விரித்தாள்.

"என்னட்டி இது?"

"நாம ஏத்துனதுல பாதி, ஜெப்சன்கிட்ட வாங்குன தேனாக்கும்."