மூன்று வரிக் கடுதாசி

தெருமுனையில் கார் ஹாரன் கேட்டதும் வெள்ளைத்துரை செய்த முதல் காரியம், முன்கூடத்துக் கட்டிலில் படுத்திருந்த தன் அய்யாவை எழுப்பிப் பின்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனதுதான்.

“மெதுவாத் தள்ளுலே. வார ஆளு யாரு, கவர்னரா?” என்று இருமலுக்கு நடுவே கேட்டார் கிழவர்.

“அதைவிடப் பெரிய ஆளு. அவரு போற வரைக்கும் நீங்க இந்த வீட்டிலயே இல்லைன்னு நினைச்சுக்கோங்க.”

வந்துகொண்டிருந்தவர் சிவகாசிப் பட்டாசு முதலாளி சங்கரபாண்டியன். அவரை ஒரு தடவை நேரில் பார்க்க விருதுநகர் வியாபாரிகள் வருஷக்கணக்கில் கடுதாசி போட்டுக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் பதில் வந்ததில்லை. கல்யாண வீட்டுக்குக்கூட மொய்யை ஆளிடம் கொடுத்தனுப்புகிற மனிதர் அவர்.

அவரிடம் ஆந்திராப் பக்கத்து ஏஜென்சியை வாங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் இந்தத் தீபாவளி சீசனிலிருந்து வெள்ளைத்துரை தன் மச்சினனின் வத்தல் மண்டியில் தராசு பிடிக்க வேண்டியதுதான். மச்சினன் அதை நாலு பேர் முன்னால் சொல்லியும் விட்டான்.

ஊர்க்காரர்கள் கடுதாசி எழுதுகிற அழகைப் பார்த்தாலே வெள்ளைத்துரைக்கு இளக்காரம். எண்ணெய்க்கடைத் தங்கச்சாமி ‘மகாராஜராஜஸ்ரீ’ என்று ஆரம்பித்து, தாத்தா காலத்துப் பழக்கத்தைச் சொல்லி, பேரன் பிறந்ததையும் சொல்லி, மூன்றாம் பக்கத்தில்தான் விஷயத்துக்கு வருவார். நாலு மூலையிலும் மஞ்சள் வேறு.

“எதுக்கு அண்ணாச்சி மஞ்சள்? முதலாளி அதை வச்சுக் குழம்பா வைக்கப் போறாரு?” என்று அவரிடமே கேட்டுச் சிரித்திருக்கிறான்.

பெரிய மனிதனுக்கு எழுதுவதென்றால் மூன்றே வரி என்பது அவன் கொள்கை. வியாபாரத்தைப் பற்றி மூச்சு விடக் கூடாது. நாளைச் சொல், இடத்தைச் சொல், நிறுத்து. என்ன ஏது என்று அந்த ஆள் மண்டை குடைந்து தானே ஓடி வர வேண்டும்.

அதற்கென்று தாளே தனியாக அடித்தான். சென்னையில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி மேஜையில் பார்த்தது போலவே வழவழத் தாள், பட்டு வேட்டி மாதிரி சுற்றிலும் எடுப்பான கறுப்புக் கரை, மேலே தடித்த எழுத்தில் அவன் பெயரும் விலாசமும். சிவகாசி அச்சாபீஸ்காரர் எதிர்ப்பேச்சே பேசவில்லை. அவனை உட்காரவைத்து, குரலைத் தாழ்த்தி, மற்ற ஆர்டர்களை ஒதுக்கிவிட்டு அன்றைக்கே அடித்துக் கொடுத்தார். மாதிரியைப் பார்த்தே ஆள் மிரண்டுவிட்டான் என்று வெள்ளைத்துரைக்கு ஒரே பெருமை.

பிள்ளையார் சுழி பட்டிக்காட்டுத்தனம் என்று விட்டுவிட்டான். ‘வருகிற புதன்கிழமை காலை தாங்கள் அவசியம் என் இல்லத்துக்கு வந்து சேர வேண்டுகிறேன். மற்றவை நேரில்.’ அவ்வளவுதான். மனைவி பாலம்மாள் பார்க்கக் கேட்டதற்கு, உனக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று சொல்லி, ஒட்டித் தபாலில் போட்டுவிட்டான்.

இதோ, புதன்கிழமை. காரும் வந்துவிட்டது.

முதலாளி செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்தபடி உள்ளே வந்தார். வெள்ளைத்துரை கும்பிட்ட கும்பிடுக்குப் பதில் கும்பிடு இல்லை. காசுள்ளவர்கள் அப்படித்தான் என்று அவன் மனத்தைத் தேற்றிக்கொண்டான்.

பின்னால் வந்த ஆள் ஒரு தாம்பாளத்தை நீட்டினான். அதிலிருந்த புது வேட்டியையும் துண்டையும் எடுத்து முதலாளியே வெள்ளைத்துரையின் தோளில் போட்டார். அவன் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கதவோரம் நின்ற பாலம்மாளைப் பார்த்து, ‘உன் அண்ணனை இங்கன வந்து பாக்கச் சொல்லு’ என்பது போல் ஒரு சிரிப்புச் சிரித்தான். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

காபி வந்தது. முதலாளி வேண்டாமென்று கையசைத்தார். பின்கட்டிலிருந்து இருமல் சத்தம் கிளம்பியது.

“யாரு அது?”

“வேலைக்காரக் கிழவன். சும்மா இருமிக்கிட்டே கெடப்பான். கண்டுக்காதீக.”

வெள்ளைத்துரை மெல்ல ஆந்திரா ஏஜென்சிப் பேச்சை எடுத்தான். முதலாளி அவனை வியப்பாக நிமிர்ந்து பார்த்தார்.

“இந்த நேரத்திலயும் தொழிலை நினைக்கியே தம்பி. சரி, ஏஜென்சி உனக்குத்தான். இப்ப ஒருத்தரை ஒருத்தர் தாங்கலைன்னா வேற எப்பத் தாங்குறது?”

வெள்ளைத்துரைக்குக் கண்ணீரே வந்துவிட்டது. காலில் விழப்போனவனை முதலாளி தூக்கி நிறுத்தி முதுகைத் தடவிக் கொடுத்தார்.

“அழாத தம்பி. நல்ல காரியத்துக்கு நான் எங்கனயும் போறதில்லை. இதுக்கு மட்டும் வராம இருந்ததில்லை. ஆனா ஒண்ணு. கறுப்புக் கரையைப் பாத்ததும் நம்ம கணக்கப்பிள்ளை வழக்கப்படி வாசல்லயே கிழிச்சுப் போட்டுட்டாரு. ஊரும் பேரும் நாளும்தான் எங்கிட்டச் சொன்னாரு.”

மாலை போட்ட படம் ஏதாவது தெரிகிறதா என்று சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முதலாளி தணிந்த குரலில் கேட்டார்.

“தவறிப்போனது அய்யாவா, ஆத்தாவா?”