மாப்பிள்ளை மாட்டிய பெட்டி

மாப்பிள்ளை மேல் சந்தேகம் வந்தால் மாமனார் நேரில் கேட்டுவிட முடியுமா? அடுக்களை வழியாகத்தான் கேட்கணும்.

வெங்கடராமனும் அடுக்களைக்குத்தான் போனார். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி கல்பகத்திடம் குரலைத் தாழ்த்தினார்.

"நம்ம கார்ல ஆதர்ஷ் என்னமோ பெட்டி மாட்டி வச்சிருக்கார். உனக்குத் தெரியுமா?"

"என்ன பெட்டி?" கல்பகம் நிமிரவில்லை.

காருக்குள் விழுந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுக்கக் குனிந்தபோது கண்ணில் பட்டதாம். தீப்பெட்டி அளவு. ஆக்ஸிலரேட்டரிலிருந்து வரும் ஒயருக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது. அதன் மேலிருந்த பெயரை போனில் தேடினார். பையன்கள் வரிசையாக வீடியோ போட்டிருந்தார்கள். இதை மாட்டினால் கார் பறக்குமாம்.

காஞ்சன்பாக் ராணுவ ஆராய்ச்சிக்கூடத்தில் ஆயுசு முழுக்க அளவுக் கருவிகளோடு குப்பை கொட்டியவரிடமா இந்தக் கதை? என்ஜினின் சக்தி இதனால் இம்மியும் கூடாது, முழுசாக மிதித்தால் கிடைப்பது பாதி மிதிக்கும்போதே கிடைத்துவிடும், அவ்வளவுதான் என்று மனைவிக்குப் பாடமே நடத்திவிட்டார்.

"அப்போ வேலை செய்யாதுங்கறேள். விட்டுத் தள்ளுங்கோ."

"எப்படி விடறது? வேலை செய்யலேன்னா மாப்பிள்ளை ஏமாளி. செஞ்சா எமன். ரெண்டுல எது தேவலை, நீயே சொல்லு."

பெண் ஹம்ஸினிக்கு இது ஏழாம் மாசம். பிரசவத்துக்குத் திருமுல்கேரியில் பெற்றோர் வீட்டுக்கு வந்திருக்கிறாள். கொண்டாப்பூரிலிருந்து வாராவாரம் பைக்கில் வரும் ஆதர்ஷ், மாமனாரின் காரில்தான் அவளை டாக்டரிடம் கூட்டிப் போவான். சாதுவான பிள்ளை. எதைக் கேட்டாலும் "பர்லேது மாமா", பரவாயில்லை என்று தெலுங்கில் ஒரு சிரிப்பு. இந்தப் பூனையா பால் குடிக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

"வயித்துப் பிள்ளைக்காரியை வச்சுண்டு ரேஸா விடறார்?"

"நான் கேட்டுக்கறேன். நீங்க வாயைத் திறக்காதீங்கோ."

கேட்டாளோ இல்லையோ. ராத்திரி சாப்பாட்டில் மாப்பிள்ளைக்கு இன்னொரு கரண்டி ரசம் விட்டதைத்தான் அவர் பார்த்தார். ஓஹோ, மாமியாரும் கூட்டா?

மறுநாள் டாக்டரிடம் போகணும். நானே ஓட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு, முன்கூட்டியே தனியாகக் கீழே இறங்கினார். பெட்டியைக் கழற்றி, பழைய ஒயரை இருந்தபடியே சேர்த்தார். பெட்டி சட்டைப் பைக்குள் போயிற்று. இனி பெண் பத்திரம்.

ஹம்ஸினி லிஃப்டிலிருந்து வெளியே வந்தாள். பின்னாலேயே அம்மாவும் ஆதர்ஷும். வண்டியை அவள் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தலாம் என்று ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொட்டார். ஆட்டோமேட்டிக் கார், தொட்டால் போதும்.

கயிறு அறுத்த காளை மாதிரி பாய்ந்தது கார். அவர் பிரேக்கைப் பிடிப்பதற்குள் அங்கே நின்ற ஸ்கூட்டரைச் சாய்த்துவிட்டது. ஹம்ஸினி சுவரோடு ஒட்டி நின்றாள். அவளுக்கும் காருக்கும் நடுவே ஒரு நாற்காலி போடலாம், அவ்வளவுதான் இடம்.

கூட்டம் கூடியது. ஸ்கூட்டருக்குச் சொந்தக்காரரான மேல்வீட்டு ஃபெலிக்ஸ் லுங்கியோடு ஓடி வந்தார். அவர் வாய் திறப்பதற்குள் ஆதர்ஷ் முந்திக்கொண்டான்.

"தப்பு என்னுது அங்கிள். பிக்கப்புக்காக நான்தான் ஒரு கேட்ஜெட் போட்டேன். மாமா மேல தப்பில்ல."

ஃபெலிக்ஸ் பிடித்துக்கொண்டார். பெரியவர் ஓட்டும் வண்டியில் என்ன விளையாட்டு, அப்பாவாகப் போகிறவனுக்குப் பொறுப்பு வேண்டாமா என்று சரமாரி. "இதெல்லாம் நக்கோ தம்பி, வேணவே வேணாம்." ஆதர்ஷ் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

பெட்டி தன் பையில் இருக்கிறது என்று வெங்கடராமன் சொல்லவில்லை. மனைவியைத் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"அதைக் காலையிலேயே கழட்டிட்டேன் கல்பகம். அது இல்லாம எப்படிப் பாஞ்சுது?"

கல்பகம் அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தாள். "கழட்டிட்டேளா?"

பிறகு மெதுவாகச் சொன்னாள். "அது வேகத்துக்கு மாட்டினது இல்லை. குறைக்கவும் அதுல வழி இருக்காம். அழுத்தி மிதிச்சாலும் வண்டி மெதுவாத்தான் கிளம்பும். சர்க்கரை வந்ததுலேர்ந்து செருப்பு கழண்டு விழுந்தாக்கூட உங்க காலுக்குத் தெரியறதில்லை. மிதிக்கறது மட்டும் தெரியுமா? ரெண்டு தடவை கேட்ல இடிச்சுட்டு, வண்டி சரியில்லைன்னேள். நான்தான் மாப்பிள்ளைகிட்ட அழுதேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நானும் அவர்கிட்ட அதைத்தான் சொன்னேன். 'மாமாகிட்ட சாவியைக் கேக்க நான் யாரு மாமி? என்னை ரேஸ்காரன்னு நினைச்சா நினைச்சுக்கட்டும்'னுட்டார்."

ஃபெலிக்ஸ் இன்னும் ஓயவில்லை. திரும்பி வந்த வெங்கடராமனையே சாட்சிக்கு இழுத்தார். "இந்த மாதிரி ஆளுங்க கையில வண்டியே குடுக்கக் கூடாது சார். நீங்களே சொல்லுங்க."

வெங்கடராமன் கார் சாவியை ஆதர்ஷின் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களை மூடினார்.

"குடுக்கக் கூடாத ஆள் நான்தான், ஃபெலிக்ஸ். பிடுங்கறதுக்கு இவருக்குத்தான் மனசு வரலை."