ஏரிக்குள் ஒரு குறுக்கு வழி

காரிமங்கலம் பக்கத்து ஏரியைச் சுற்றி ஞாயிறுதோறும் காலையில் மாதேஷும் அவன் மனைவி சுகுணாவும் சைக்கிள் விடுவார்கள். அவன் பாட்டுக்கு முன்னால் போய்விடுவான். அவளோ ஆவாரம்பூவைக் கண்டால் இறங்கிப் பறிக்காமல் வரமாட்டாள். போன வருஷம் வரை ஏரி காய்ந்து கிடந்ததால், பின்தங்கினாலும் ஏரிக்குள் இறங்கிக் குறுக்கே மிதித்து, மதகடியில் அவனுக்கு முன்பே வந்து நின்று சிரிப்பாள்.

இந்த ஐப்பசி மழையில் ஏரி நிரம்பி வழிகிறது. கரைமேல் ஒரே ஒரு ஒற்றையடிப் பாதைதான். இன்று அதில் யாரும் மாதேஷைத் தாண்டிப் போகவில்லை. ஆனாலும் மதகடியில் சுகுணா மடி நிறையப் பூவோடு நின்றிருந்தாள்.

"எப்படி வந்த?"

"குறுக்காலதாங்க. எப்பவும் போல."

கரையெல்லாம் சேறு. அவள் டயரில் மட்டும் வெள்ளைப் புழுதி ஒட்டியிருந்தது. மாதேஷ் தண்ணீரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு தன் துண்டால் அவள் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டான்.

"அடுத்த வாரம் என்னையும் அந்த வழியா கூட்டிட்டுப் போறியா?"

"வாங்க. நடுவுல மட்டும் பெடல நிறுத்திடாதீங்க."